வெறும் கரைசலுக்கு வீங்கிய செல்கள்

அந்த மூன்றாவது ஆள் யார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினால் அவர்கள் அதை முகம் தெரியாத மூன்று நிபுணர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். முதல் ஆள் நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாவது ஆள் படங்களின் நிறத்தை மாற்றச் சொன்னார். மூன்றாவது ஆள்தான் மூக்கை நுழைத்தார். புரதமே இல்லாத வெறும் கரைசலையும் இதே முறையில் தயாரித்துச் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா, இல்லையென்றால் பார்த்துவிட்டு வாருங்கள் என்று இரண்டே வரி.

"இப்போதைக்கு அந்த ஆளோட வாயை அடைக்கணும். செஞ்சு போட்டுடு" என்றார் பேராசிரியர். எதற்கெடுத்தாலும் 'இப்போதைக்கு' என்று ஆரம்பிப்பதால் ஆய்வகத்தில் அவருக்கு அதுவே பெயர். அவர் எதிரில் மட்டும் சார்.

அவளும் வீம்புக்குத்தான் செய்தாள். மறுநாள் காலை செல் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோதுகூட, மூன்றாவது ஆளுக்கு எழுதப்போகும் பதில்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மரியாதை குறையாத வார்த்தைகளில் முகத்தில் அறைவது எப்படி என்று யோசித்துக்கொண்டே கண்ணை வைத்தாள்.

தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். முதல் வரிசைக்கு எதுவும் கொடுக்கவில்லை. அங்கே செல்கள் மெல்லிய கைகளை நாலாபுறமும் நீட்டிக்கொண்டு சாதுவாகக் கிடந்தன. இரண்டாவது வரிசைக்குப் புரதம். அங்கே கைகளைச் சுருட்டிக்கொண்டு உப்பி, உருண்டு, சண்டைக்கு நின்றன. எல்லாம் வழக்கம்போல. மூன்றாவது வரிசைக்கு வெறும் கரைசல். அதிலும் உப்பி, உருண்டு, சண்டைக்கு நின்றன.

தட்டைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று எடுத்துப் பார்த்தாள். மூலையில் அவள் போட்ட குறி அவள் போட்ட இடத்திலேயே இருந்தது. இன்னொரு தட்டை எடுத்தாள். அதிலும் அதே கூத்து. "சனியனே!" என்று செல்களைத் திட்டினாள். அடுத்த மேஜையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்னை இல்லை என்று தெரிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். அந்த ஆய்வகத்தில் செல்களைத் திட்டாதவர்கள் கிடையாது.

மூளை என்றால் எல்லோருக்கும் நரம்புச் செல்தான் ஞாபகத்துக்கு வரும். பேரும் புகழும் அதற்குத்தான். அதன் பக்கத்திலேயே ஓசைப்படாமல் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மைக்ரோகிளியா என்று பெயர். காவல் வேலை, குப்பை அள்ளும் வேலை இரண்டும் இவற்றின் தலையில். சும்மா இருக்கும்போதும் சும்மா இருக்காது. நீட்டிய கைகளால் அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். செத்த செல்லோ, உடைந்த துணுக்கோ, உள்ளே நுழைந்த கிருமியோ கையில் பட்டுவிட்டால் போதும், உப்பிக்கொண்டு விழுங்கக் கிளம்பிவிடும். கிளம்பும்போது எதையெதையோ கக்கும். அதில் பக்கத்தில் நிற்கிற நல்ல நரம்புச் செல்லுக்கும் அடி விழும்.

கை நடுங்கும் நோயில் நடப்பது இதுதான் என்பது பேராசிரியரின் கட்சி. நோயாளியின் மூளையில் ஒரு புரதம் திரண்டு கட்டிகட்டியாகச் சேர்கிறது. அதைக் கண்டு மைக்ரோகிளியா வெகுண்டு எழுகிறது. எழுந்தது அடங்குவதில்லை. உடம்பின் அசைவுகளை நடத்தும் நரம்புச் செல்கள் அந்த அடியில் ஒவ்வொன்றாகச் சாகின்றன. அப்படியானால் காவல்காரனைச் சமாதானப்படுத்திவிட்டால் நோய் நின்றுவிட வேண்டும். சமாதானப்படுத்த ஒரு மருந்தும் அகப்பட்டது. எப்போதோ மூட்டு வலிக்குக் கொடுத்து வந்த பழைய மாத்திரை. புரதத்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் தட்டில் செல்கள் அடங்கிச் சமர்த்தாகிவிடும். அவள் தன் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மாத்திரை பழகியது, பயமில்லாதது என்பதால் பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கும் ஏற்பாடாகிவிட்டது.

அந்தப் பரிசோதனையில் சேரப் பெயர் கொடுத்திருந்தவர்களில் முதல் ஆள் அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்கு முடிதிருத்தும் கடை. இரண்டு நாற்காலி. ஒன்றில் அவன், இன்னொன்றில் அவனிடம் வேலை பழகிப் பழகி அவனளவுக்கு ஆகிவிட்ட கூட்டாளி. நோய் முதலில் கத்தரிக்கோலில்தான் தெரிந்தது. கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும். வேலையில் வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும். ஆனால் கத்தரி முதல் வெட்டுக்குத் திறந்த அளவு அடுத்ததற்குத் திறக்காது. வெட்ட வெட்டத் திறப்பு குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் முடியின் நடுவே சிக்கி நின்றுவிடும். நாற்காலியில் இருப்பவர் கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் கழுத்தைத் துடைப்பதுபோல் பாசாங்கு செய்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான்.

இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை ஒன்று உண்டு. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். நோய் இன்னதென்று தெரிந்த அன்றே நரம்பு டாக்டர் அதை எழுதிக் கொடுக்கப் போனார். அவள்தான் குறுக்கே விழுந்தாள். அந்த மாத்திரையை ஆரம்பித்தவர்களைப் பரிசோதனையில் சேர்க்க மாட்டார்கள். புது மருந்தின் வேலை தனியாகத் தெரிய வேண்டும் அல்லவா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவள் அண்ணனிடம் சொன்னது இன்றைக்கும் அவளுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அது வெளியில தெரியாம மூடி மறைக்கும், அவ்வளவுதான். எங்களுது நோயையே நிறுத்தும் அண்ணா. கொஞ்சம் பொறுத்துக்கோ." அண்ணன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. தங்கச்சி படித்தவள், தங்கச்சி சொன்னால் சரி. டாக்டரும், ஆரம்ப நிலைதான், காத்திருக்கலாம் என்றார்.

கொஞ்சம் என்பது மாதக்கணக்காக நீண்டது. அனுமதி வந்தபோது மாத்திரை வரவில்லை, மாத்திரை வந்தபோது நர்ஸ் கிடைக்கவில்லை. அண்ணன் பொறுத்துக்கொண்டான். சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிட்டாள். கத்தியைக் கையில் எடுப்பதை விட்டான், பிறகு கத்தரியை விட்டான், பிறகு முடி வெட்டும் இயந்திரத்தையும் விட்டான். இப்போது கடை வாசலில் உட்கார்ந்து, "நான் முதலாளி ஆயிட்டேன்ல, இனி உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்" என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டிருந்தான். வருகிற திங்கட்கிழமை அவனுக்கு முதல் மாத்திரை.

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் புரதம் வடிக்கும் அறைக்கு நடந்தாள்.

அவர்களுடைய புரதம் யார் மூளையிலிருந்தும் எடுத்ததல்ல. பாக்டீரியாவுக்குள் அந்தப் புரதத்தின் மரபணுவை வைத்து வளர்த்து, பாக்டீரியாவை உடைத்து, வடிகட்டி எடுப்பது. அந்த வேலை செய்கிறவனுக்கு ஆய்வகத்தில் சமையல்காரன் என்று பெயர். அவள் போனபோது அவன் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அந்த வடிகட்டியை எப்ப மாத்தின?"

"எந்த வடிகட்டி?"

"தெரியாத மாதிரி கேக்காத. பாக்டீரியாத் தோலைப் பிடிச்சு வெச்சுக்குமே, அது."

சமையல்காரன் தலையை வெளியே எடுத்தான். "மாத்தலையே. கழுவிக் கழுவி வெச்சுக்கிட்டேன். புதுசு கேட்டா வந்து சேர்றதுக்குள்ள கிழவன் ஆயிடுவேன். நீதானே இன்னிக்குக் குடு, இப்பவே குடுன்னு கழுத்துல உட்கார்ந்திருந்த?"

"தோல் துணுக்கு மிச்சம் இருக்கான்னு சோதிச்சியா இல்லையா?"

"சோதிச்சேனே. முதல் தடவை வடிச்சப்ப. பளிங்கு மாதிரி இருந்துச்சு. நீயும் பக்கத்துல நின்னு பார்த்த."

பார்த்தாள்தான். அந்த ஒரு சோதனையின் படத்தைத்தான் கட்டுரையிலும் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு வடித்த எதையும் யாரும் சோதிக்கவில்லை. அவள் அவன் செய்வான் என்று இருந்தாள். அவன், முதலில் சுத்தமாக இருந்தது பிறகு எங்கே அழுக்காகப் போகிறது என்று இருந்தான். கழுவிக் கழுவித் தேய்ந்துபோன வடிகட்டி, பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பாக்டீரியா செத்தாலும் அதன் தோலுக்கு வீரியம் போகாது. இம்மியளவு இருந்தாலும் மைக்ரோகிளியா பொறுக்காது. கிருமியைக் கண்டால் கத்துவதுதானே காவல்காரனின் பிழைப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் ஒரு போலிப் புரதமும் வைத்திருந்தார்கள். அது இயந்திரத்தில் செய்தது, வெளியிலிருந்து வந்தது, பாக்டீரியாவின் வாசமே படாதது. ஆகவே போலிக்குச் செல்கள் தூங்கின, தங்களுடையதற்கு விழித்தன. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று இவர்களும் குதித்தார்கள். வீட்டு அழுக்கை வெளியூர்ச் சுத்தத்தோடு ஒப்பிட்டு வருஷக்கணக்காக ஆடியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றான் சமையல்காரன்.

"புது வடிகட்டி கேளு" என்றாள். வேறென்ன சொல்வது?

பேராசிரியர் படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். படம் மாறவில்லை.

"இப்போதைக்கு இதைப் பெருசு பண்ண வேண்டாம்."

"சார், திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில ஆரம்பிக்கிறாங்க."

"ஆரம்பிக்கட்டுமே. அந்த மாத்திரை யாரையும் ஒண்ணும் பண்ணாது. எத்தனை பேர் மூட்டு வலிக்குச் சாப்பிட்டிருக்காங்க!"

"மாத்திரை பண்ணாது சார். அதுக்காக வேற மாத்திரை சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க. சட்டை போட முடியாம உட்கார்ந்திருக்காங்க."

"உங்க அண்ணனை மனசுல வெச்சுப் பேசாத. விஞ்ஞானத்துல சொந்தம் பந்தம் எல்லாம் பார்க்கக் கூடாது."

இதைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனைச் சேர்த்தபோது, 'பாருங்க, எங்க ஆய்வகத்துலேயே குடும்பத்து ஆளை நம்பி அனுப்பறாங்க' என்று மேடையில் ஏறிச் சொன்னவர் இவர்தான்.

"மைக்ரோகிளியாவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்குன்னு எத்தனையோ பேர் சொல்றாங்க. நீ ஒருத்தி இல்லைன்னு சொல்லப் போறியா?" என்றார் அவர்.

"இருக்கலாம் சார். இருக்கும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா நாம அதைக் காட்டல. கிருமியைப் பார்த்தா அது உப்பும்னு காட்டியிருக்கோம். அது பாடப் புத்தகத்துலயே இருக்கு. அந்த மாத்திரை கிருமிக் கோபத்தை அடக்குதுன்னு காட்டியிருக்கோம். அண்ணன் தலைக்குள்ள கிருமி இல்ல."

பேராசிரியர் படங்களை அடுக்கி அவள் பக்கமே தள்ளினார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தலை நரைக்கும் வரை ஒரே கட்சியில் நின்றவர். "சுத்தமான புரதத்துல ஒரு தடவை செஞ்சு பாரு. அப்புறம் பேசலாம்" என்றார்.

வேறொரு ஆய்வகத்தில் கெஞ்சிக் கூத்தாடிச் சுத்தமான புரதம் வாங்கினாள். வந்ததும் முதல் வேலையாகச் சமையல்காரனை உட்காரவைத்துத் தோல் துணுக்கு இல்லை என்று சோதித்தாள். செல்களுக்குக் கொடுத்தாள். காத்திருந்த நேரமெல்லாம், இந்த ஒரு தடவை மட்டும் உப்பித் தொலையுங்களேன் என்று செல்களை வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். எந்தச் செல்களைத் திட்டினாளோ அவற்றிடமே கெஞ்சும்படி ஆகிவிட்டது.

செல்கள் உப்பவில்லை. கைகளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டன, அவ்வளவுதான். ஏதோ இருக்கிறது என்றும் சொல்லலாம், ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். மாத்திரையைச் சேர்த்தபோது அந்தக் கொஞ்சமும் மாறவில்லை. அதை மட்டும் இரண்டு விதமாகச் சொல்ல வழியில்லை.

"கொஞ்சம் அசையுதே!" என்றார் பேராசிரியர். அவர் குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. "இப்போதைக்கு இதைப் பிடிச்சுக்கலாம்."

"எதைப் பிடிச்சுக்கறது சார்? மாத்திரை வேலை செய்யல."

"அளவு போதாம இருக்கலாம். நேரம் போதாம இருக்கலாம். எலிச் செல்லுக்கும் மனுஷச் செல்லுக்கும் வித்தியாசம் இருக்கு. எத்தனையோ காரணம் இருக்கும்மா."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரிதான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பொய் என்றால் கையும் களவுமாகப் பிடித்துச் சண்டை போடலாம். இந்த வழவழா கொழகொழாவோடு எப்படிச் சண்டை போடுவது?

"நான் டாக்டருக்கு ஃபோன் பண்றேன் சார்."

"இப்போதைக்கு வேண்டாம்னு சொல்றேன்."

"நீங்க பண்றீங்களா?"

அவர் மேஜையில் இருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். அவள் வராந்தாவுக்கு வந்து, மருந்து வாடையும் பழைய அட்டைப் பெட்டிகளும் அடைந்துகிடந்த மூலையில் நின்று, நரம்பு டாக்டருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். வடிகட்டி, வெறும் கரைசல், ஒரே ஒரு சோதனை, அந்தச் சோதனையைத் தானும் பார்த்தது. மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு. "இதை நீங்க முன்னாடியே பார்த்திருக்கலாமே" என்றார் டாக்டர். ஆமாம் என்றாள். பரிசோதனையை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். அண்ணனிடம் நானே சொல்கிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அதற்கு அப்புறம் பேராசிரியர் அவளிடம் வணக்கத்துக்கு வணக்கம் சொன்னதோடு சரி. பத்திரிகையிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெறும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

கடைக்குப் போனபோது மத்தியானம். கூட்டாளி ஒரு வாடிக்கையாளரின் தாடையில் சோப்பு தடவிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசல் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தான். அது அவன் வலது கையோடு சேர்ந்து சலசலத்தது. அண்ணி அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அண்ணி, "திங்கட்கிழமை காலையில வெறும் வயித்துல வரச் சொல்வாங்களா?" என்றாள்.

"உள்ள வாங்க, பேசணும்" என்றாள்.

கடைக்குப் பின்னால் துண்டுகளும் எண்ணெய்ப் புட்டிகளும் வைக்கும் சின்ன அறை. மூன்று பேர் நின்றால் கதவு மூடாது. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த விளக்கம் அந்த அறைக்குள் வந்ததும் காணாமல் போயிற்று.

"அண்ணா, எங்க மாத்திரை வேலை செய்யாது."

அண்ணன் சிரித்தான். "இன்னும் சாப்பிடவே இல்ல, அதுக்குள்ளயா?"

"விளையாடாத. நாங்க தப்பா பார்த்துட்டோம். புரதத்துல பாக்டீரியா அழுக்கு கலந்திருக்கு. செல்லுங்க அதைப் பார்த்துத்தான் கோபப்பட்டுச்சு. மாத்திரை அந்தக் கோபத்தைத்தான் அடக்குச்சு. உன் நோய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"இன்னொரு தடவை பாரேன்" என்றாள் அண்ணி.

"பார்த்தாச்சு அண்ணி."

"நல்லாப் பாரு. அவசரத்துல பார்த்திருப்ப. அளவு கூடக் குறைய ஆகியிருக்கும்." பேராசிரியர் சொன்னதையே அண்ணியும் சொன்னாள். அவரிடம் கோபப்பட முடிந்தது, இவளிடம் முடியவில்லை. "இத்தனை பெரிய படிப்பு படிச்சவங்க எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கா பார்த்தது எப்படித் தப்பாகும்?"

"எல்லாரும் சேர்ந்துதான் தப்பாச்சு அண்ணி."

அண்ணன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். ஆட்டம் தெரியாமல் இருக்க அவன் பழகிக்கொண்ட வழக்கம். "அப்போ என் மூளையில அந்தக் காவல்காரங்க ஒண்ணும் பண்ணலையா? நீ படம் போட்டுக் காட்டினியே?"

"தெரியல."

"என்ன தெரியலன்னா?"

"பண்ணலாம். பண்ணாம இருக்கலாம். நோய் வர்றதுக்கு அது காரணமா, நோய் வந்ததால அது அப்படி ஆகுதா, எதுவும் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்." அழுதால் இவன் உடனே தன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவான் என்று தெரியும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கே வரச் சொன்னார். வழக்கமான மாத்திரையை ஆரம்பிச்சுடலாம்."

"அது மூடி மறைக்கும்னு சொன்னியே?"

"ஆமா. நோயை நிறுத்தாது."

"ம்" என்றான் அண்ணன். அதற்குள் வெளியிலிருந்து கூட்டாளி துண்டு கேட்டார். அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது அண்ணன்தான். எட்டி எடுத்துக் கொடுத்தான். கொடுத்து முடிப்பதற்குள் கூட்டாளி இரண்டு தடவை கை நீட்டவேண்டியிருந்தது.

டாக்டர் மறுநாள் அவளிடம் தனியாகச் சொன்னார். தள்ளிப்போட்டதால் நோய் முற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம், அப்படி ஒன்றும் ஆகியிருக்காது, போனது மாதங்கள் மட்டும்தான் என்று. 'மட்டும்' என்ற அந்தச் சொல்லை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

வழக்கமான மாத்திரையை ஆரம்பித்ததிலிருந்து அண்ணி தினமும் ஃபோன் செய்தாள். முதலில் குமட்டுகிறது என்றாள். பிறகு குமட்டல் போய்விட்டது என்றாள். பிறகு ஒரு நாள் வழக்கமில்லாத நேரத்தில் ஃபோன் செய்தாள். என்னவோ ஏதோ என்று இவள் பதறிப்போனாள். "இன்னிக்குப் பொத்தானை அவரே போட்டுக்கிட்டார். எல்லாப் பொத்தானும்" என்றாள் அண்ணி. அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் கடைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஆய்வகத்தில் புது வடிகட்டி வந்தது, புதுத் தட்டுகள் வளர்ந்தன, செல்கள் எதையும் சொல்லாமல் கை நீட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு சனிக்கிழமை, இனிப் போகாவிட்டால் எப்போதுமே போக முடியாது என்று தோன்றிக் கிளம்பினாள்.

தெரு முனையிலேயே கத்தரிச் சத்தம் கேட்டதாக நினைத்தாள். பிரமைதான். ஆனால் கடைக்குள் நுழைந்தபோது சத்தம் நிஜமாகவே கேட்டது. பெஞ்சில் மூன்று நாலு பேர் காத்திருந்தார்கள். இரண்டு நாற்காலியிலும் ஆள். அண்ணன் நின்றுகொண்டு வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரி முழுக்கத் திறந்து முழுக்க மூடியது. குறுகவில்லை, சிக்கவில்லை. காதுக்குப் பின்னால் வளைவாகப் போய்த் திரும்பியது. அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். நிறுத்தவில்லை. அவள் போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எழுந்து போய் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷமே, இது போன வருஷமே நடந்திருக்க வேண்டியது என்று தோன்றியது. பனிக் காலம் பூராவும், வெயில் காலம் பூராவும் இந்தக் கை இப்படி வெட்டியிருக்கும்.

நாற்காலியில் இருந்தவர் எழுந்து கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். அண்ணன் போர்வைத் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து உதறினான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நல்லா இருக்கியா அண்ணா?"

"பார்த்தல்ல?" துணியை மறுபடி உதறினான். முடி எல்லாம் முதல் உதறலிலேயே போய்விட்டிருந்தது. "இந்த மாத்திரை எப்பவுமே மருந்துக் கடையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நம்ம தெரு மருந்துக் கடையில?"

"ஆமா."

அண்ணன் தெருவைப் பார்த்தான். மருந்துக் கடை அங்கிருந்தே தெரியும். "தினம் அதைத் தாண்டித்தான் வந்தேன். உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "போன வாரம்தான் அண்ணிக்குத் தலை சீவி விட்டேன். கை வந்துடுச்சான்னு பார்க்கத்தான். அவ அழுதா. சந்தோஷத்துல அழறான்னு நினைச்சேன். திட்டினா. உன்னை இல்ல. என்னை. தங்கச்சி சொன்னான்னு ஏன் சும்மா இருந்தீங்கன்னு."

"அண்ணா..."

"நீ வேணும்னு பண்ணல. அது எனக்குத் தெரியாதா?" துணியை மடித்தான். விளிம்போடு விளிம்பு சேர்த்து, விரல்கள் ஒழுங்காக மடித்தன. "ஆனா ஒண்ணு. இனிமே ஏதாவது கண்டுபிடிச்சா எங்கிட்ட சொல்லாத. ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லு. எனக்குக் கடைசியா சொல்லு."

அவள் சரி என்றாள். அது அவளுக்கே கேட்டதா என்பது சந்தேகம். அண்ணன் உள்ளே போய் நாற்காலியைத் துணியால் இரண்டு தட்டு தட்டினான். பிறகு பெஞ்சைப் பார்த்து, "அடுத்து யாருங்க? வாங்க" என்றான். மூலையில் இருந்தவர் எழுந்து வந்தார். வாசலை மறித்துக்கொண்டு நின்ற அவள், அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.